திருக்கச்சி நம்பிகளும் ஆறு வார்த்தைகளும்

இன்னது செய்வதென்று தெரியாமல் மனம் திகைத்து நிற்கும் வேளைகளில் நம் தேசத்தார் சாஸ்திரத்தின் பக்கம் திரும்புவது வழக்கம். கீதையைப் பிரித்துக் கண்ணில் பட்ட சுலோகத்தை வாசிப்பவர் உண்டு. தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்ப்பவர் உண்டு. சாஸ்திரிகளைத் தேடிப் போய்ச் சம்பாவனை கொடுத்து அபிப்பிராயம் கேட்பவரும் உண்டு. ஆனால் அநுபவத்தில் நாம் காண்பது என்ன? சாஸ்திரமோ பெருங்கடல், எந்தக் கட்சிக்காரன் உள்ளே இறங்கினாலும் தன் கட்சிக்கு வேண்டிய வசனத்தோடு கரையேறி விடுகிறான். கடல் கடந்து போகலாமா, விதவைக்கு மறு விவாகம் செய்யலாமா, ஆலயக் கதவை எல்லோருக்கும் திறக்கலாமா என்று நம் நாட்டில் நடந்த வாதங்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு தரப்பாரும் ஸ்மிருதி வாக்கியங்களை மலை மலையாகக் குவித்தார்கள். குவியலின் உயரத்தைக் கொண்டு எந்த வாதமும் தீர்ந்ததாக நமக்குத் தெரியவில்லை.

இச்சங்கடம் புதிதன்று. ஏறக்குறைய ஆயிரம் வருஷங்களுக்கு முன் வேதாந்தத்தைக் கரைத்துக் குடித்த ஓர் இளைஞர் இதே இடத்தில் வந்து தட்டுக் கெட்டு நின்றார். அவருக்கு வழி சொன்னவர், வேதம் ஓதும் அதிகாரம் உண்டென்று அக்காலத்து உலகம் ஒப்புக் கொள்ளாத ஒரு வணிகர் மகன். இளைஞர் ஸ்ரீ ராமாநுஜர். வழி சொன்னவர் திருக்கச்சி நம்பிகள். நம்பிகளின் ஊர் சென்னைக்கு மேற்கே உள்ள பூவிருந்தவல்லி.

அம்பத்தூர் என்றால் இன்று தொழிற்பேட்டை. ஆவடி என்றால் 1955-ஆம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபையும் டாங்கித் தொழிற்சாலையும். பூவிருந்தவல்லி என்ற அழகிய பெயரையோ நாம் பூந்தமல்லி என்று சுருக்கிக் கொண்டோம். வெள்ளையர் அதை மேலும் சிதைத்துத் தம் படை வீட்டுக்கும், சென்னையிலிருந்து புறப்படும் பெருஞ்சாலைக்கும் பெயராக்கிக் கொண்டனர். அந்த இரைச்சலுக்கிடையே, பேருந்துகள் வந்து திரும்பும் அந்த ஊரில், வரதராஜப் பெருமாள் கோயில் ஒன்று இருப்பதையும், அதில் நம்பிகளுக்குத் தனிச் சந்நிதி இருப்பதையும் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

நம்பிகள் பதினொன்றாம் நூற்றாண்டினர். மாசி மாதத்து மிருகசீரிஷம் அவர் ஜன்ம நட்சத்திரம். வைசிய குலம். கஜேந்திரதாசர் என்ற பெயரும் அவருக்கு வழங்குகிறது. தந்தையார் பகிர்ந்து கொடுத்த பொருளைச் சகோதரர்கள் வியாபாரத்தில் பெருக்க, இவர் நந்தவனம் வைத்துப் பூப் பறித்து மாலை கட்டி அழித்தார் என்பது ஊர் வழக்கு. கட்டிய மாலையைச் சுமந்துகொண்டு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்திலுள்ள காஞ்சிபுரத்துக்கு நடப்பாராம். பிறகு காஞ்சியிலேயே தங்கி, பேரருளாளப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுவதைத் தம் பணியாக்கிக் கொண்டார். ஆலவட்டம் என்பது பெரிய விசிறி. வெயிலிலும் புழுக்கத்திலும் கர்ப்பக் கிருகத்தில் நின்று நாள்தோறும் விசிறும் வேலை அது. பாண்டித்தியம் தேவையில்லை, கை வலிக்கும். இப்படி வீசுகையில் பெருமாள் அவரோடு மனிதரைப் போல் உரையாடுவார் என்று அக்காலத்தார் நம்பினர். ஊரிலுள்ளவர்கள் தங்கள் குறைகளையும் கேள்விகளையும் அவர் மூலமாகவே சந்நிதியில் சேர்ப்பித்தார்கள். தேவராஜாஷ்டகம் என்ற வடமொழித் தோத்திரம் அவர் செய்ததென்பது சம்பிரதாயம். வேதத்துக்கு அதிகாரமில்லை என்று விலக்கப்பட்டவர் தேவபாஷையில் எட்டுச் சுலோகம் பாடி வைத்திருக்கிறார்!

இங்கே ஒரு வார்த்தை. நம்பிகளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் குருபரம்பரை நூல்களிலிருந்தும் வாய்வழி மரபிலிருந்தும் அறிவதே. அந்நூல்கள் தலைமுறைகள் கழிந்தபின் பக்தியோடு எழுதப்பட்டவை. கல்வெட்டைப் போல் அவற்றைக் கொள்ள இயலாது. ஆயினும் ஒரு சமூகம் தன் ஆசாரியரைப் பற்றித் தனக்கே அசௌகரியமான விஷயங்களையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்குமானால், அதைத் தள்ளுவதற்கில்லை. அப்படிப்பட்ட அசௌகரியங்கள் இச்சரித்திரத்தில் உண்டு.

ராமாநுஜர், பூவிருந்தவல்லிக்கும் காஞ்சிக்கும் நடுவழியில் உள்ள ஸ்ரீபெரும்பூதூரில் 1017-இல் பிறந்தவர் என்பது மரபு. தகப்பனார் கேசவ சோமயாஜி காலமான பின் குடும்பத்தோடு காஞ்சிக்கு வந்து, திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் வேதாந்தம் வாசித்தார். உபநிஷத வாக்கியங்களுக்கு ஆசிரியர் சொன்ன பொருள் மாணவருக்கு ஒட்டவில்லை. சாந்தோக்கியத்தில் பகவானுடைய கண்களை வருணிக்கும் ஒரு சொல்லுக்கு யாதவர் குரங்கைக் கொண்டு உவமை சொல்ல, ராமாநுஜர் கண்ணீர் விட்டுச் சூரியனால் மலர்ந்த தாமரையென்று பொருள் விரித்தார் என்ற கதை பிரசித்தம். மனஸ்தாபம் முற்றிக் கொலைச் சதி வரைக்கும் போயிற்றென்றும், காசி யாத்திரையில் தப்பிக் காட்டில் அலைந்தவரை ஒரு வேடத் தம்பதி காஞ்சியின் எல்லையில் கொண்டு சேர்த்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு மறைந்தார்கள் என்றும் சொல்வர்.

குருவும் போய், படிப்பும் போய், இனி என்ன செய்வது என்ற நிலை. தாயார் காந்திமதியம்மையார் திருக்கச்சி நம்பிகளைப் போய்க் கேள் என்றார். வேறு மடத்தில் சேர் என்றோ, இன்ன பாஷ்யத்தைப் படி என்றோ நம்பிகள் சொல்லவில்லை. தண்ணீர் கேட்ட வேடத் தம்பதி யாரென்பதை உணர்த்தி, அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தீர்த்தம் பெருமாளுக்குச் சுமந்து வருமாறு மட்டும் சொன்னார். வாதத்தில் ஆசிரியரையே மடக்கிய பண்டிதருக்குத் தண்ணீர்க் குடம்! ராமாநுஜர் அதைத் தோளில் ஏற்றுக் கொண்டார். வாலிபத் தொண்டர்கள் பலர் பெரிய திட்டம் ஒன்று கிடைக்கும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு இந்தக் கிணற்றடி விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

நிற்க. திருவரங்கத்தில் ஆளவந்தார் முதியவராகிவிட்டார். தமக்குப் பின் சம்பிரதாயத்தைத் தாங்கத் தக்கவர் ராமாநுஜரே என்று கருதி, அழைத்து வரும்படி பெரிய நம்பியைக் காஞ்சிக்கு அனுப்பினார். இருவரும் திருவரங்கம் போய்ச் சேர்கையில் ஆளவந்தாரின் உடல்தான் அங்கே இருந்தது. ஒரு தரமேனும் பேசியறியாத ஆசாரியரை இழந்த துக்கத்தோடு, அரங்கனையும் சேவிக்காமல் ராமாநுஜர் காஞ்சிக்குத் திரும்பினார். இப்போது அவருக்குத் துணை நம்பிகள் ஒருவரே. அவரையே குருவாக வரித்துவிடுவதென்று தீர்மானித்துக் காலில் விழுந்தார்.

நம்பிகள் பதறினார். பிராமண குலத்தவருக்கு வைசியன் ஆசாரியனாக இருப்பது வர்ணாசிரமத்துக்கு ஒவ்வாது என்று மறுத்தார். சாஸ்திரத்தைச் சாக்குச் சொல்லித் தப்பினாரல்லர். மெய்யாகவே அப்படி நம்பினார். ராமாநுஜரோ விடுவதாயில்லை. மந்திரோபதேசம் இல்லாவிட்டால் போகட்டும். அவர் உண்ட மிச்சத்தையாவது பிரசாதமாக உண்போம் என்று எண்ணி, வீட்டுக்கு அமுது செய்ய அழைத்தார். மனைவி தஞ்சமாம்பாள் சமைத்தார். நேரமாகிறதேயென்று ராமாநுஜர் ஒரு வீதியால் அழைக்கப் போக, நம்பிகள் மற்றொரு வீதியால் வந்துவிட்டார்; சந்நிதிக்குப் போக வேண்டுமென்று அவசரப்படுத்தினார். அம்மையார் இலை போட்டுப் பரிமாறினார். உண்டபின் நம்பிகள் தம் இலையைத் தாமே எடுத்தெறிந்து, இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் புறப்பட்டார். அம்மையார் மீந்த சோற்றை வேறொருவருக்குக் கொடுத்து, வீட்டை மெழுகி, ஸ்நானம் செய்து, புருஷனுக்காகப் புதிதாக உலை வைத்தார். திரும்பி வந்த ராமாநுஜர் ஈரத் தலையோடு நிற்கும் மனைவியைக் கண்டார். அவர் கேட்டிருந்த மிச்சத்தில் ஒரு பருக்கையும் இல்லை.

உபந்நியாசகர்கள் இந்த இடத்தில் தஞ்சமாம்பாளை அடங்காப்பிடாரியாக்கிச் சபையைச் சிரிக்க வைப்பதுண்டு. நமக்கு அது சம்மதமில்லை. அந்த அம்மையார் என்ன குற்றம் செய்தார்? பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சாஸ்திரம் என்று எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ அதைத்தான் வழுவாமல் செய்தார். புருஷன் மனத்தில் புகுந்திருந்த புதிய எண்ணத்தை அவரிடம் ஒருவரும் எடுத்துச் சொன்னதாகக் கதையில் இல்லை. அவருடைய ஆசாரத்துக்கு ஸ்மிருதிகளில் ஆதாரம் வேண்டிய மட்டும் உண்டு. நம்பிகளின் மறுப்புக்கும் உண்டு. ராமாநுஜரின் ஆசைக்கு மட்டும் இல்லையா? மகாபாரதத்தின் வன பர்வத்தில் கௌசிகன் என்ற பிராமணன் தருமம் இன்னதென்று தெரிந்துகொள்ள மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதனைத் தேடிப் போகிறான். அங்கே போகச் சொல்லி அவனை அனுப்புபவள் புருஷனுக்குச் சோறிட்டுக் கொண்டிருந்த ஒரு குடும்ப ஸ்திரீ. கோபக்காரப் பிராமணன் தெரு வாசலில் நிற்க, வேதவியாசர் வித்தையை அடுப்பங்கரையிலும் இறைச்சிக் கடையிலும் வைத்தார். ஆக, ஒரே வீட்டில், ஒரே வேளைச் சோற்றின்மேல், மூன்று பேர் சாஸ்திரத்தை மூன்று விதமாக வாசித்தார்கள். மூவருக்கும் ஆதாரம் இருந்தது. சாஸ்திரம் வழிகாட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்த வரி யாருக்கு, எப்போது என்பதை வரி சொல்லிவிடுவதில்லை.

ராமாநுஜருக்கு உள்ளே சில ஐயங்கள் இருந்தன. பரம்பொருள் யார்? ஜீவனும் ஈசுவரனும் ஒன்றா, வேறா? உய்யும் உபாயம் எது? இப்படிப்பட்டவை. உபநிஷதங்கள் ஓரிடத்தில் எல்லாம் ஒன்றென்கின்றன, மற்றோரிடத்தில் ஆள்பவனும் ஆளப்படுவதும் வேறென்கின்றன. இவை ஏட்டுக் கேள்விகள் என்று வாசகர்கள் எண்ணலாகாது. யாரை நம்பி வீட்டை விடுவது, எந்த ஆசாரியரின் பின்னே போவது, வாழ்நாளை எதில் செலவிடுவது என்பதெல்லாம் அவற்றின் விடையைப் பொறுத்திருந்தன. வாய் விட்டு அவற்றை விவரிக்காமலே, தம் மனத்திலுள்ளவற்றுக்குப் பெருமாளிடம் விடை கேட்டுத் தருமாறு நம்பிகளை வேண்டினார். அன்றிரவு ஆலவட்டம் வீசுகையில் நம்பிகள் விண்ணப்பம் செய்தார். கிடைத்த விடைதான் சம்பிரதாயத்தில் ஆறு வார்த்தைகள் எனப்படுவது.

அவற்றின் கருத்தைச் சொல்வோம். திருமாலே பரம்பொருள், ஜீவனுக்கும் ஈசனுக்கும் பேதம் உண்மை, சரணாகதியே உபாயம், சரணடைந்தவனுக்குச் சாகும் தறுவாயில் நினைவு கட்டாயமன்று, இந்தச் சரீரம் விழும்போது மோட்சம், பெரிய நம்பியை ஆசாரியராகக் கொள்க. முதல் மூன்றும் சித்தாந்தம். ஐந்தாவது, உயிரோடிருக்கையிலேயே முக்தியென்னும் அத்வைத பட்சத்துக்கு மறுமொழி. நம் மனம் நிற்பது நான்காவதிலும் ஆறாவதிலும்.

கீதையின் எட்டாம் அத்தியாயம் கடைசி நேரத்து நினைவு எதுவோ அதுவே கதி என்கிறது. அது பயங்கரமான வாக்கு. ஆயுள் முழுவதும் நல்லவனாக இருந்தவன் சந்நியில் பிதற்றிச் செத்தால் என்ன ஆவது? போர்க்களத்திலும் சிறைச்சாலையிலும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிரக்ஞையற்றும் மாண்டவர்கள் கதி என்ன? சாஸ்திரமே இதற்கு மறுபுறமும் வைத்திருக்கிறது. வைணவர்கள் வராக சரம சுலோகம் என்று போற்றும் இடத்தில், நல்ல நினைவோடிருந்த காலத்தில் தன்னை எண்ணியவன் கட்டையையும் கல்லையும் போல் கிடக்கும்போது, அவனைத் தான் நினைத்துக் கொள்வதாகப் பகவான் பொறுப்பேற்கிறான். இரண்டு வசனங்களும் ராமாநுஜருக்கு மனப்பாடமாகவே இருந்திருக்கும். தெரியாதிருந்தது, எதன்மேல் பாரத்தைப் போடலாம் என்பது. அதை விசிறி வீசுகிறவர் சொன்னார். பண்டிதர் மேற்கொண்டு வாதம் செய்யவில்லை.

ஆறாவது வார்த்தையில் தத்துவம் ஒன்றுமில்லை. அது ஒரு மனிதரின் பெயர். இன்னாரிடம் போ என்பதோடு விஷயம் முடிந்தது. அதைக் கொண்டு வந்து சேர்த்தவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். குருவாக இருக்கச் சொல்லித் தம் காலிலேயே விழுந்தவரை, வேறொருவர் காலில் விழச் சொல்லும் விடையை நம்பிகள் ஓர் எழுத்தும் குறைக்காமல் கொண்டு வந்து கொடுத்தார். கேள்வி இன்னதென்று தெரியாதவர், விடையை மாற்றினாலும் கேட்பவருக்குத் தெரிய வழியில்லை. தலைமைப் பதவி தேடி வருகையில் அதைப் பிறருக்குத் திருப்பிவிடும் சுபாவம் நம் பொது வாழ்வில் எவ்வளவு அபூர்வமென்பது அரசியலில் உழலும் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விடை கிடைத்தபின் ராமாநுஜர் தாமதிக்கவில்லை. அவர் திருவரங்கம் நோக்கிப் புறப்பட, பெரிய நம்பி அவரைத் தேடிக் காஞ்சி நோக்கி வர, இருவரும் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலில் சந்தித்தார்கள். காஞ்சிக்குப் போய்ப் பெருமாள் சந்நிதியில் உபதேசம் செய்யலாமே என்றார் பெரிய நம்பி. ஆளவந்தார் விஷயத்தில் பிந்தியதன் பலனைக் கண்டவர் ராமாநுஜர். அங்கேயே, மகிழ மரத்தடியிலேயே உபதேசம் பெற்றார்.

பெரிய நம்பி மனைவியோடு காஞ்சியில் ராமாநுஜர் வீட்டிலேயே தங்கியிருந்தார். கிணற்றடியில் நீர் மொள்ளும்போது பெரிய நம்பியின் மனைவியார் குடத்து நீர் தஞ்சமாம்பாள் குடத்தில் தெறித்தது. குலப் பெருமை பேசப்பட்டது. பெரிய நம்பி யாரையும் நோகாமல் திருவரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டார். ராமாநுஜர் குடும்பத்தை விடத் துணிந்தார். ஆனால் எப்படி? மாமனார் எழுதியது போல் ஒரு கலியாணக் கடிதம் தயார் செய்து, தஞ்சமாம்பாளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுத் தாம் சந்நியாசம் பெற்றார் என்று மரபு கூறுகிறது. நமக்கு இக்கடிதம் உறுத்துகிறது. ஐயம் தீரச் சந்நிதியில் கேட்டவர், இந்தக் காரியத்தைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால், அல்லது அந்த அம்மையாருக்காக நம்பிகளிடம் யாராவது ஏழாவது வார்த்தை ஒன்று விண்ணப்பித்திருந்தால், என்ன விடை வந்திருக்குமோ! ஆசாரியரின் பெருமையைப் பாட வந்தவர்கள் இதையும் எழுதி வைத்துப் போனது அவர்களுடைய நேர்மை. பெருமாள் ஆணைப்படி புதிய சந்நியாசியை எதிராசர் என்று அழைத்து மடத்துக்கு அழைத்துச் சென்றவர் நம்பிகளே.

அதன்பின் திருவரங்க வாழ்வு, ஸ்ரீ பாஷ்யம், திருக்கோஷ்டியூர்க் கோபுரம் இவையெல்லாம் யாவரும் அறிந்தவை. நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்றுதான். வேதார்த்த சங்கிரகத்தில் ராமாநுஜர் ஒருமை சொல்லும் சுருதியையும் தள்ளவில்லை, வேற்றுமை சொல்லும் சுருதியையும் தள்ளவில்லை. உலகமும் உயிர்களும் சரீரம், உள்ளே நின்று நடத்துபவன் ஆன்மா என்று சொல்லும் பிருகதாரண்யகப் பகுதியைக் கொண்டு இரண்டையும் இணைத்தார். ஒட்டவைக்கும் சுருதி என்ற பொருளில் கடக சுருதி என்று அவ்வகை வாக்கியங்களைச் சம்பிரதாயத்தார் வழங்குகின்றனர். வேண்டாத வசனத்தைக் கிழித்தெறியாமல், இரண்டுக்கும் இடம் தரும் மூன்றாவது வசனத்தைத் தேடுவது அவர் முறை. மேலைக்கோட்டையில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆண்டில் சில தினங்கள் கோயிலுக்குள் வரச் செய்தார். சில தினங்கள் மட்டுமா என்று இன்று கேட்கத் தோன்றும். மிச்ச தினங்களுக்கு இத்தேசம் எடுத்துக் கொண்ட காலம் கொஞ்சமல்ல. மதுரையில் ஸ்ரீ வைத்தியநாதையர் தாழ்த்தப்பட்ட சகோதரர்களோடு மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் பிரவேசித்தது 1939 ஜூலை 8-இல். சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். அந்த இடைக்காலத்திலும் சாஸ்திரிகள் இரு கட்சியாகப் பிரிந்து வசனம் காட்டிக்கொண்டே இருந்தனர். தஞ்சமாம்பாளின் ஈரத் தலை அதுவரையில் உலரவில்லை போலும்.

நம்பிகளின் பிற்காலத்தைப் பற்றி உபந்நியாசகர்கள் ஒரு கதை சொல்வார்கள். எல்லோருக்கும் விடை வாங்கித் தந்தவர் ஒரு நாள் தமக்காகக் கேட்டார். தமக்கு மோட்சம் உண்டா என்று. நீ வீசினாய், நான் பேசினேன், கணக்கு நேராயிற்று என்ற கருத்தில் பெருமாள் விடையளித்தாராம்! அடியார் ஒருவருக்குப் பணி செய்து அவருடைய அபிமானத்தைப் பெற வேண்டும் என்பது குறிப்பு. நம்பிகள் கோபிக்கவில்லை. வேஷம் மாற்றி, தாம் யாரென்று சொல்லாமல், திருக்கோஷ்டியூர் நம்பியின் வீட்டில் வேலைக்காரராகச் சேர்ந்து மாடு மேய்த்தார் என்பர். பெருமாளோடு பேசுகிறவர் என்று காஞ்சி முழுதும் கொண்டாடிய மனிதர், பிறர் கேட்டபோது சொன்ன விடையைத் தமக்கும் ஏற்றுக்கொண்டு, ஆலவட்டம் பிடித்த கையில் மாட்டுக் கோலைப் பிடித்தார்.

தள்ளாமை வந்து காஞ்சிக்கு நடக்க முடியாமற் போனபோது, வரதர் தாமே பூவிருந்தவல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார் என்பது அவ்வூர்க் கோயிலின் ஐதிகம். சின்னக் காஞ்சியின் பெருமாள் பெயராலேயே அங்கே மூலவர் எழுந்தருளியிருக்கிறார். தாயாருக்குப் புஷ்பவல்லி என்று பெயர். மாசி மிருகசீரிஷத்தில் நம்பிகளுக்கு உற்சவம் நடக்கிறது.